விரால் குஞ்சுக்கு வலை போடும் முன்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிக் கண்மாய்களில் புதுத் தண்ணீர் ஏறியதும், விரால் குஞ்சுக்கான தேடலும் தொடங்கிவிடுகிறது. பண்ணைக்குட்டை வெட்டிய விவசாயி கேட்கிறார், குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் கேட்கிறார், வீட்டுப் பின்புறத்தில் தார்ப்பாய்த் தொட்டி கட்டிய இளைஞரும் கேட்கிறார். விற்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் குஞ்சு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. பொரிப்பகத்தில் வளர்ந்த குஞ்சும் சந்தைக்கு வருகிறது. ஆனால் அதோடு சேர்ந்து, ஏரிக்கரைப் புல்லுக்குள் தாய்மீனின் காவலில் இருந்த கூட்டத்தை அப்படியே அரிவலையில் அள்ளி, பாலித்தீன் பையில் அடைத்துக் கொண்டுவருவதும் நடக்கிறது. விரால் வளர்ப்பு பெருக வேண்டும் என்று விரும்பும் எவரும் இந்த வழக்கத்தைக் கைவிடத்தான் வேண்டும். காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். இந்த மீனின் உடலமைப்பிலும் குடும்ப வாழ்க்கையிலுமே அது இருக்கிறது.

இதே மீனை ஒழிப்பதற்காக அரை நூற்றாண்டுக் காலம் பாடம் நடத்தப்பட்டது என்பதை இளைய பண்ணையாளர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். கட்லா, ரோகு, மிர்கால் விடுவதற்கு முன் குளத்தைச் ‘சுத்தம்’ செய்யச் சொன்ன கையேடுகள் எல்லாவற்றிலும் விராலும் குறவையும் கெளுத்தியும் களைமீன் பட்டியலில் இருந்தன. ஹெக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்துவிட்டால், அதிலுள்ள சப்போனின் மீன்களைக் கொன்றுவிடும். மூன்று வாரம் கழித்துக் கெண்டைக் குஞ்சு விடலாம். கெண்டை வளர்ப்புக்கு அது சரியான முறைதான். கெண்டைக் குஞ்சுகளோடு ஒரு பெரிய விரால் இருந்தால் கணக்கில் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனால் அந்தப் பாடம் விரால் ஒரு தொல்லை என்ற எண்ணத்தைத் துறைக்குள் ஆழமாக விதைத்துவிட்டது. 1971இல் அகில இந்திய அளவில் கூட்டுமீன் வளர்ப்புக்கு ஓர் ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டமும், காற்றைச் சுவாசிக்கும் மீன்களுக்கென்று தனியாக இன்னொன்றும் தொடங்கப்பட்டன. முன்னது நாடு முழுவதும் குளங்களை நிறைத்தது. பின்னது பெரும்பாலும் ஆய்வறிக்கைகளோடு நின்றுபோனது. இன்று சந்தையில் உயிரோடு துள்ளும் விராலுக்குக் கட்லாவைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை கிடைக்கிறது. நம் வளர்ப்பு முறையோ இன்னும் கெண்டைக் குளத்திலேயே நிற்கிறது.

முதலில் மூச்சு. சன்னா ஸ்ட்ரையேட்டா என்று அறிவியல் அழைக்கும் இந்த வரி விராலுக்குச் செவுள் உண்டு. ஆனால் அது மட்டும் போதாது. தலைக்குள், செவுளுக்கு மேலே இரத்தக் குழாய்கள் நிறைந்த மென்தோல் போர்த்திய காற்றறை இருக்கிறது. மேலே வந்து வாயால் காற்றை விழுங்கி அந்த அறையை நிரப்பிக்கொண்டு மீண்டும் கீழே போகும். வளர்ந்த விராலுக்கு இது வசதிக்கான ஏற்பாடு அன்று, கட்டாயம். மேற்பரப்புக்கு வர முடியாமல் வலைக்கு அடியில் சிக்கினால், நல்ல தண்ணீரிலேயே அது மூச்சுத் திணறிச் செத்துப்போகும். ஒரு மீன் நீரில் மூழ்கிச் சாகுமா என்று பயிற்சி முகாம்களில் சிலர் வியப்போடு கேட்பதுண்டு. விரால் சாகும். பறவைக்குப் பயந்து நீர்மட்டத்தை ஒட்டி வலையை இறுக்கிக் கட்டுகிறவர்களும், ஆகாயத்தாமரை குளத்தை முழுதாக மூடும்வரை விட்டுவிடுகிறவர்களும் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் பாசியும் கொடியும் விராலுக்கு நிழலும் மறைவும் தரும். முழுக்க மூடிய குளம் அதற்குச் சிறை.

மேலே வந்து போவதற்கும் ஒரு செலவு உண்டு. அன்றைய மதுரைப் பல்கலைக்கழகத்தில் டி. ஜே. பாண்டியனும் ஈ. விவேகானந்தனும் 1970களில் விரால் குஞ்சுகளை வெவ்வேறு ஆழமுள்ள தொட்டிகளில் வளர்த்து, அவை எத்தனை முறை மேலே வருகின்றன, எவ்வளவு தூரம் நீந்துகின்றன, தின்ற தீனியில் எவ்வளவு உடலாக மாறுகிறது என்றெல்லாம் கணக்கெடுத்தார்கள். ஆழம் கூடக் கூட, காற்றுக்காக நீந்தும் தூரமும் கூடியது. உடல் வளர்ச்சிக்குப் போக வேண்டிய ஆற்றல் நீச்சலில் கரைந்தது. ஆழம் குறைந்த நீரில் தீனி நன்றாக உடலில் ஒட்டியது. இந்தியாவின் மீன் உடலியங்கியலில் இது முக்கியமான வேலை. நம் மண்ணிலேயே, நம் மீனை வைத்தே செய்த வேலையும்கூட. அப்படியிருந்தும், ‘ஆழம் கூடினால் மீன் கூடும்’ என்று நம்பி ஒன்பது பத்து அடிக்குக் குட்டை வெட்டி விரால் விடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாலடித் தண்ணீர் போதும். வெயில் காலத்தில் ஒதுங்க ஒரு மூலையில் கொஞ்சம் பள்ளம் இருந்தால் இன்னும் நல்லது.

மூச்சு விஷயத்தில் குஞ்சு வேறு, பெரியது வேறு. பொரித்த புதிதில் குஞ்சுக்குக் காற்றறை கிடையாது. அது கரைந்த ஆக்சிஜனை நம்பித்தான் வாழ்கிறது. சில வாரம் கழித்துத்தான் மேலே வந்து காற்றை விழுங்கப் பழகுகிறது. ‘விரால்தானே, எதையும் தாங்கும்’ என்று அழுக்குத் தண்ணீரில் நுண்குஞ்சை விட்டவர்கள் பலர் நட்டப்பட்டது இந்த ஓர் உண்மை தெரியாததால்தான்.

இனி குடும்பம். விராலின் வாழ்க்கையில் பண்ணையாளர் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது. மழை பெய்து கரையோரப் புல்வெளி முழங்கால் அளவு மூழ்கும்போது, ஒரு ஆணும் ஒரு பெண்ணும் இணை சேர்ந்து அங்கே ஒதுங்குகின்றன. வாயால் கடித்தும் வாலால் தள்ளியும் செடிகளை விலக்கி, ஒரு முறத்தளவுக்குத் தெளிந்த நீர்ப்பரப்பை உண்டாக்குகின்றன. பெண் இடும் முட்டைகளில் எண்ணெய்த் துளி இருப்பதால் அவை மூழ்காமல் மிதந்து, மஞ்சள் நிறத்தில் ஒரு மெல்லிய ஏடாக அந்தப் பரப்பில் படர்கின்றன. ஒரு நாளிலிருந்து ஒன்றரை நாளுக்குள் பொரிந்துவிடும். அடுத்த மூன்று நான்கு நாள் குஞ்சுகள் தம் வயிற்றிலுள்ள மஞ்சள் கருவை உண்டபடியே மிதக்கும். பிறகுதான் தீனி தேடும்.

இந்தக் காலம் முழுவதும் பெற்றோர் அங்கிருந்து நகர்வதில்லை. பல குளங்களில் ஆணின் காவல்தான் நெடுநாள் நீடிக்கிறது. தவளை வந்தாலும் பாம்பு வந்தாலும் கெண்டை வந்தாலும் பாய்ந்து விரட்டும். நீரில் இறங்கிய மனிதன் காலைக் கடித்த செய்திகளும் உண்டு. குஞ்சுகள் செம்மஞ்சள் நிறமேறி ஒரே திரளாகத் திரியும்போது, பெற்றோர் அந்தத் திரளுக்குச் சற்றுக் கீழே நிற்கும். காற்றுக்காகக் குஞ்சுகள் அடுத்தடுத்து மேலே வந்து போவதால், உலையில் சோறு கொதிப்பதுபோல் அந்த இடம் மட்டும் பொங்கும். கிராமத்துச் சிறுவர்கள்கூடத் தூரத்திலிருந்தே அதைக் கண்டு சொல்வார்கள். ஏறத்தாழ ஒரு மாதம், குஞ்சு இரண்டு அங்குலம் தாண்டும்வரை, இந்தக் காவல் நீடிக்கிறது.

ஆபத்தும் அங்கேதான். பொங்கும் இடத்தைப் பார்த்துத் தூண்டில்காரர் தவளையைக் கோத்து வீசுகிறார். பசிக்காகவே என்றில்லை, குஞ்சைக் காப்பதற்காகவும் பெற்ற மீன் அதைக் கவ்வுகிறது. இரண்டு கிலோ மீன் ஒன்று கையில் கிடைக்கிறது. பின்னால் நடப்பதை அவர் பார்ப்பதில்லை. காவல் இல்லாத சில ஆயிரம் குஞ்சுகளைக் கெளுத்தியும் ஜிலேபியும் நீர்ப்பறவையும் சில நாட்களில் முடித்துவிடுகின்றன. குஞ்சு அள்ளுகிறவர் செய்வதும் இதன் மறுபாதிதான். பெற்றோரை விட்டுவிட்டுத் திரளை மொத்தமாக எடுத்துவிடுகிறார். அள்ளிய குஞ்சில் பெரும்பகுதி பையிலும் தொட்டியிலும் செத்துப்போகிறது. நசுங்கியதும் அடிபட்டதும் பூஞ்சை பிடித்ததுமாக. தப்பியவற்றில் குறவைக் குஞ்சு கலந்திருந்தாலும் வாங்குபவருக்குத் தெரிவதில்லை. ஆறு மாதம் தீனி போட்ட பிறகு, ஒரு சாண் தாண்டாத மீனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிற்பார்.

ஒரு கிலோ ரோகு லட்சக்கணக்கில் முட்டை இடும். இட்டதும் ஆற்றோடு விட்டுவிடும். விரால் இடுவது ஒரு முறைக்குச் சில ஆயிரம், பெரிய மீனானால் சில பத்தாயிரம். எண்ணிக்கையில் குறைந்ததைக் காவலால் ஈடுகட்டுகிறது. எனவே ரோகு குஞ்சை ஆற்றிலிருந்து ஒரு வலை அள்ளுவதும் விரால் குஞ்சை ஏரியிலிருந்து ஒரு வலை அள்ளுவதும் ஒன்றல்ல. பின்னதில் ஒரு இணையின் ஒரு பருவ உழைப்பு முழுவதும் போய்விடுகிறது.

ரோகு, கட்லா குஞ்சுக்கும் ஒரு காலத்தில் ஆறுகளைத்தான் நம்பியிருந்தோம். 1957 ஜூலையில் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தியக் கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகுதான் அந்த நிலை மாறியது. அதே முறையில், இன்று ஓவாப்ரிம் போன்ற செயற்கை ஹார்மோன்களைக் கொண்டு விராலையும் முட்டையிட வைக்கலாம். புவனேஸ்வரிலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் உட்படப் பல இடங்களில் இது செய்து காட்டப்பட்டிருக்கிறது. அப்படியானால் குஞ்சுத் தட்டுப்பாடு ஏன் தீரவில்லை? முட்டையிட வைப்பது கால்பங்கு வேலைதான். கெண்டையைப் போல வட்டத் தொட்டியில் கூட்டமாக விட்டுப் பொரிக்க வைக்க முடியாது. இணை இணையாகப் பிரித்து, தொட்டிக்கு ஓர் இணை என்று விட வேண்டும். பருவத்துக்கு வெளியே ஆண் எது பெண் எது என்று பிரிப்பதே கடினம். பொரித்த குஞ்சுக்கு நான்காம் நாளிலிருந்து நுண்ணுயிர் மிதவைகள், மொய்னா, ஆர்ட்டீமியா என்று உயிர்த்தீனி தட்டாமல் கிடைக்க வேண்டும். அதிலிருந்து உருண்டைத் தீனிக்கு மாற்றும் வாரங்கள்தான் பொரிப்பகத்தின் லாப நட்டத்தை முடிவு செய்கின்றன. அங்கே பொறுமை இழந்தவர்கள்தாம் மறுபடி ஏரிக்கரைக்கு வலையோடு போகிறார்கள்.

ஒன்றையொன்று தின்னும் பழக்கத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பெரும்பாலும் அதை மீனின் கெட்ட குணமாகவே பேசுகிறார்கள். உண்மையில் அதைத் தூண்டுவன இரண்டு: பசியும் அளவு வேறுபாடும். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளிலேயே சில வேகமாக வளரும். வாய்க்குள் அடங்கும் அளவுக்கு மற்றது சிறுத்துப்போனால், அதுவும் தீனிதான். வாரம் ஒரு முறை சல்லடை போட்டு அளவு பிரித்து, ஒரு நாளைத் தீனியைப் பல வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் இழப்பு பெருமளவு குறைகிறது. இயற்கையில் குஞ்சுத் திரளின் காலத்தில் இது அதிகம் நடப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே வயது, ஒரே அளவு, ஓயாமல் மேயும் புல்லோரம் ஆகியவை கிடைக்கும் வரை திரள் திரளாகவே இருக்கிறது. வெவ்வேறு இடங்களிலிருந்து அள்ளிய குஞ்சைக் கலந்து விற்கும்போதுதான் ஒரு தொட்டிக்குள் மூன்று வெவ்வேறு வயதுக் குஞ்சுகள் சேர்கின்றன. காட்டுக் குஞ்சை வாங்காதீர்கள் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

தீனியில் கம்போடியாவின் அனுபவம் நமக்கு எச்சரிக்கை. அங்கே கூண்டுகளில் விரால் இனங்களை வளர்த்தவர்கள் மேக்கொங் ஆற்றிலும் தோன்லே சாப் ஏரியிலும் பிடித்த பொடிமீன்களையே தீனியாகப் போட்டார்கள். ஒரு கிலோ விராலுக்கு நாலு கிலோவுக்கு மேல் பொடிமீன் போனது. ஏழைகள் சோற்றோடு தின்ற மீன் கூண்டுக்குள் போவதைப் பார்த்த அரசு, 2000களின் நடுவில் விரால் வளர்ப்பையே தடை செய்தது. பொரிப்பகக் குஞ்சை உருண்டைத் தீனியில் வளர்க்க முடியும் என்று உறுதியான பிறகு, 2016இல்தான் தடை நீங்கியது. நம்மூரில் கோழிக்கழிவையும் கடல் பொடிமீனையும் கொட்டி விரால் வளர்க்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் புரதம் உள்ள மிதவைத் தீனி விலை அதிகம்தான். ஆனால் கழிவு அழுகிய தண்ணீரில் வரும் நோய்க்கும், சந்தையில் கெடும் பெயருக்கும் அதைவிட அதிக விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

உறவுக்கார மீன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறவை என்று நாம் அறியும் சன்னா பங்டேட்டா வரி விராலைப் போலவே குஞ்சு காக்கும். ஆனால் உடல் சிறியது. ஓடைகளிலும் மலையடிவார நீரிலும் வாழும் சன்னா கச்சுவாவில் ஆண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கிறது. இலங்கைக்கே உரிய சன்னா ஓரியண்டாலிஸும் வாயில் அடைகாப்பதுதான். இந்தக் குடும்பத்தின் பிடிவாதமான உயிர்வாழ்வு வேறு நாடுகளில் அச்சமாகவும் மாறியது. 2002இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் கிராஃப்டன் என்னும் ஊரின் குட்டையில் சீனாவைச் சேர்ந்த வடக்கு விரால் இனம் பெருகியது தெரிந்தபோது, குட்டை முழுவதையும் நஞ்சிட்டு அழித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் விரால் குடும்பம் முழுவதையுமே, நம் வரி விரால் உட்பட, இறக்குமதி செய்யக்கூடாத தீங்கு உயிரிகள் பட்டியலில் சேர்த்தார்கள். அங்கே அது அந்நியன், அவர்கள் அஞ்சியது நியாயம். இங்கே அது மருதநில இலக்கியம் தொட்டு நம் வயலோடும் வாய்க்காலோடும் வாழ்ந்த மீன். நமக்குத் தடை செய்யப்பட்ட அந்நியன் ஆப்பிரிக்கக் கெளுத்தி. அது தப்பி வந்த குளங்களில் விரால் குஞ்சுத் திரள் தாக்குப்பிடிப்பது கடினம்.

மழைக்காலம் நோய்க்காலமும்கூட. அஃபனோமைசஸ் இன்வடன்ஸ் என்னும் பூஞ்சை போன்ற உயிரி உண்டாக்கும் புண் நோய், 1988இல் இந்தியாவின் வடகிழக்கு வழியாக நுழைந்து சில ஆண்டுகளில் தெற்கே வந்தது. முதலில் மாட்டியவை விராலும் குறவையும்தான். பக்கவாட்டில் சிவந்த பொட்டு, பிறகு தசையைத் தின்று எலும்பு தெரியும் புண். புது மழைத் தண்ணீரால் காரத்தன்மை குறைந்து, குளிரும் சேரும் வாரங்களில் இது தலைகாட்டுகிறது. மழைக்கு முன் சுண்ணாம்பு இட்டு நீரின் காரத்தன்மையை நிலைப்படுத்துவது, வெளிக்குளத்து மீனையும் நீரையும் குட்டைக்குள் விடாமலிருப்பது, தேவையின்றி வலை இழுத்து மீனைக் காயப்படுத்தாதிருப்பது ஆகியவையே முதல் மருந்து. வெளியில் அள்ளிய குஞ்சு இந்த நோயையும் சேர்த்துக் கொண்டுவரக்கூடும்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. பெரும்பாலானவை ஆண்டில் சில மாதம்தான் நீர் தேங்குபவை. கோடையில் அவை வற்றும்போது விரால் ஈரச்சேற்றுக்குள் இறங்கி, காற்றை மட்டும் விழுங்கிக்கொண்டு, சேர்த்துவைத்த கொழுப்பில் காத்திருக்கும். முதல் மழை இரவில் ஈரத்தரையில் நெளிந்து அடுத்த நீர்நிலைக்குப் போகும். பண்ணைக்குட்டையைச் சுற்றி இரண்டு மூன்று அடி உயர வலைவேலி வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் வற்றிய கண்மாயில் ஊர்கூடி ஊத்தாவோடு இறங்கும் மீன்பிடித் திருவிழாக்களில் விரால் இன்றும் கிடைக்கிறது என்றால், அடிச்சேற்றில் தப்பியவை மழைக்குப் பிறகு கரைப்புல்லில் மீண்டும் குடும்பம் நடத்துவதால்தான். தூர்வாருகிறோம் என்று கரையோரச் சரிவு முழுவதையும் செங்குத்தாக வெட்டி, கோரையையும் நாணலையும் ஒரு தண்டு விடாமல் அகற்றிய ஏரியில் தண்ணீர் கூடுதலாக நிற்கலாம். விரால் முட்டையிட இடம் இருக்காது.

எனவே இந்தப் பருவத்துக்கு மூன்று கோரிக்கைகள். குளங்களைக் குத்தகைக்கு விடும் ஊராட்சிகளும் மீன்வளர்ப்போர் சங்கங்களும், அக்டோபரிலிருந்து ஜனவரி வரை விரால் குஞ்சுத் திரளை அள்ளுவதையும், திரளைக் காக்கும் மீனைத் தூண்டிலில் பிடிப்பதையும் குத்தகை நிபந்தனையிலேயே தடுக்க வேண்டும். தூர்வாரும் பணிக்குப் பொறுப்பான அதிகாரிகள் ஒவ்வொரு ஏரியிலும் ஒரு பக்கக் கரையையாவது சரிவாகவும் புல்லோடும் விட்டுவைக்க வேண்டும். பண்ணையாளர்களே, குஞ்சு வாங்கும்போது விலையைக் கேட்கும் முன், தாய்மீன் எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் பொரித்தது, எந்தத் தீனிக்குப் பழகியிருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள்.